கோயிலுக்கு மட்டும் ஓடிய வண்டி

பழைய கார் புரோக்கர்கள் கொடுக்கும் சான்றிதழ்களில் மதிப்பு மிகுந்தது ஒன்று உண்டு. "ரிட்டையர்டு வாத்தியார் வண்டி சார். ஒரே ஓனர். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான் எடுப்பாரு." இதைக் கேட்டதும் வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். மீட்டரை எட்டிப் பார்ப்பார். 10 வருட வண்டி 15,000 கிலோமீட்டர்கூடத் தாண்டியிருக்காது. அட்வான்ஸ் கைமாறும். நாகர்கோவில் பக்கம் கார் ஒர்க்ஷாப் வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில், இந்தச் சான்றிதழை நான் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வாரம் முழுக்க ஷெட்டில் நின்று, ஞாயிறு காலை ஆராதனைக்கும் அதைத் தொட்டு வரும் கடைகண்ணி வேலைக்கும் மட்டும் வெளியே வரும் கார், ஓடிய தூரத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு செலவு வைக்கும். திங்கட்கிழமை காலை ஒர்க்ஷாப்புக்குக் கட்டி இழுத்து வரப்படும் வண்டிகளில் இந்த ரகத்துக்குத் தனி இடம் உண்டு. ஓடித் தேய்வது ஒரு கேடு, நின்று கெடுவது இன்னொரு கேடு. மீட்டர் முதலாவதை மட்டுமே எண்ணும். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கெடுப்பது இரண்டாவது. அதனால் அதைக் கிலோமீட்டரை வைத்துப் பராமரிக்கக் கூடாது, காலண்டரை வைத்துத்தான் பராமரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஒரு நாளின் வழித்தடம் எங்களுக்கு மனப்பாடம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து சபைகள் தழைத்த மாவட்டம் இது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று தெருவுக்குத் தெரு ஆலயம் இருப்பதால் கோயிலுக்குப் போகும் தூரம் மிகவும் குறைவு. வீட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். ஆராதனை முடியும்வரை வண்டி வெயிலில் நிற்கும். அங்கிருந்து கறிக்கடை, ஒரு கிலோமீட்டர். பிறகு வடசேரி சந்தையோ பக்கத்துக் காய்கறிக் கடையோ. வழியில் மெடிக்கலில் பிரஷர் மாத்திரை. அப்புறம் வீடு. எல்லாம் கூட்டினால் 8 கிலோமீட்டர் தேறும். நாலைந்து முறை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்திருப்பார்கள். 52 ஞாயிறுக்குக் கணக்கிட்டால் வருடத்துக்கு 416 கிலோமீட்டர். இப்போது, 10,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றினால் போதும் என்று நினைக்கிறவர் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள்: 24 வருடம். வண்டியோடு வரும் கையேட்டில் கம்பெனிக்காரர்கள் கிலோமீட்டரை மட்டும் போட்டு நிறுத்துவதில்லை, இத்தனை மாதம் அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்றுதான் போடுகிறார்கள். படிக்கிறவர் கண் கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது, "எது முந்துகிறதோ" என்ற இடம் வரை போவதில்லை.

முதலில் பேட்டரியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த வழக்கில் அதுதான் முதல் சாட்சி. சாவியைக் கழற்றிவிட்டால் காரில் கரண்ட் ஓடாது என்று பலரும் நினைக்கிறார்கள். இப்போதைய வண்டியில் ரிமோட் லாக், அலாரம், கம்ப்யூட்டர் பெட்டியின் ஞாபகம், கடிகாரம் எல்லாம் இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாகக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்கான வண்டியில் இது 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கலாம். வெளியில் வாங்கி மாட்டிய டச் ஸ்கிரீன், ஜி.பி.எஸ்., டேஷ் கேமரா இருந்தால் இன்னும் கூடும். 30 மில்லி ஆம்பியர் என்பது சிரிப்பாகத் தெரியும். ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள், 5 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஆக, வாரா வாரம் ஏழில் ஒரு பங்கு நின்ற இடத்திலேயே போகிறது. போனதைத் திருப்பி ஏற்றுவது டைனமோவின் வேலை. ஏசி, விளக்கு, புளோயர் போக பேட்டரிக்கு 10 ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 5 ஆம்பியர்-மணி ஏற முழுதாக அரை மணி நேரம் என்ஜின் ஓட வேண்டும். நம் 8 கிலோமீட்டரில் என்ஜின் ஓடும் மொத்த நேரமே அவ்வளவுதான் தேறும், அதுவும் துண்டு துண்டாக. ஏற்றும் கரண்ட் அத்தனையும் பேட்டரியில் தங்குவதும் இல்லை. செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியை வற்றடிக்கிறது என்று சொல்வார்கள், அது பாதி உண்மைதான். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுத்தாலும் ஓரிரு விநாடிதான். திருடன் அங்கே இல்லை, ஷெட்டில் கழியும் அந்த ஆறு நாளில் இருக்கிறான். மீட்டர் வைத்துப் பார்த்தால் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 காட்டினால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். அந்தப் பாதி நிலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகட்டில் வெள்ளைப் பொருக்கு படிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. "போன வருஷம்தானே அண்ணே புது பேட்டரி போட்டோம்" என்ற புலம்பல் இந்த வண்டிக்காரர்களிடம்தான் அதிகம் கேட்கும்.

அடுத்த சாட்சி ஆயில் ஊற்றும் மூடி. அதைத் திருகிக் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். தினமும் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் கறுப்பாக ஆயில் மட்டும் ஒட்டியிருக்கும். கோயிலுக்கு மட்டும் ஓடும் வண்டியில் பால் காப்பி நிறத்தில் ஒரு பசை படிந்திருக்கும், விரலால் வழித்தால் வெண்ணெய் மாதிரி வரும். இதைப் பார்த்ததும் ஓனருக்கு வயிற்றைக் கலக்கும், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சோ?" என்பார். ஆயிலும் தண்ணீரும் கலந்ததால் வந்த நிறம்தான் அது. ஆனால் தண்ணீர் ரேடியேட்டரிலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று பார்க்காமல் ஹெட்டைக் கழற்றுவது அநியாயம். கூலண்ட் டப்பாவில் அளவு குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் வரும் ஆயில் நிறம் மாறவில்லை, என்ஜின் சூடு ஏறவில்லை என்றால் கேஸ்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தண்ணீர் பெட்ரோலிலிருந்தே வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே வெளியே போகும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங் இடுக்கில் நழுவிக் கீழே ஆயில் சட்டிக்கு இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கும், குளிர்ந்த என்ஜினுக்கு முதல் சில நிமிடம் பெட்ரோல் கூடுதலாகப் பாய்ச்சப்படுவதால். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஐந்தாறு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், அது காட்டுவது கூலண்டின் சூட்டை. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர இன்னும் கால் மணி நேரம்கூடப் பிடிக்கலாம். கறிக்கடைக்குப் போகும் ஒரு கிலோமீட்டரில் அது நடக்காது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக் கதை, 30 டிகிரி வெயிலில் என்ஜின் காலையிலேயே பாதிச் சூட்டில்தான் இருக்கிறது, நமக்கு ஏன் இந்தக் கவலை என்று படித்தவர்களே கேட்கிறார்கள். குளிர்நாட்டில் இந்தத் தொல்லை பல மடங்கு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் என்ஜின் சீக்கிரம் சூடேறுவதும் உண்மை. ஆனால் தண்ணீர் குளிரிலிருந்து வருவதில்லை, எரியும் பெட்ரோலிலிருந்து வருகிறது. அது உலகம் முழுக்க ஒரே அளவு. அதை விரட்டத் தேவையான சூடும் ஒரே அளவு. வெயில் நமக்கு ஒன்றிரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது, அவ்வளவுதான். நம்பாதவர் வண்டிக்கு அடியில் குனிந்து சைலன்சரைப் பார்க்கட்டும். ஓயாமல் ஓடும் டாக்ஸியின் சைலன்சர் வெளியே கல் பட்டு நசுங்கும், இந்த வண்டியின் சைலன்சரோ உள்ளே தேங்கிய தண்ணீரால் உள்ளிருந்து துருப்பிடித்துப் பொத்துக்கொள்ளும். போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. முட்டம், குளச்சல் பக்கம் உப்புக் காற்று வேறு. இந்த ஊர் ஈரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறவர் பிரேக் டிஸ்க்கின் நிறத்தைப் பார்த்தாலே போதும்.

பிரேக் விஷயத்தில் பயப்படத் தேவையில்லாததையும் தேவையானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி மழையில் நின்ற வண்டியின் டிஸ்க் காலையில் செம்பட்டையாக இருக்கும். முதல் நாலு பிரேக்கில் அது வழித்துக்கொண்டு போய்விடும், அதற்காக யாரும் ஒர்க்ஷாப்புக்கு வர வேண்டாம். வாரக்கணக்கில் நிற்கும்போது கதை வேறு. சின்னக் கார்களில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான், ஹேண்ட் பிரேக்கும் அதில்தான் வேலை செய்கிறது. ஞாயிறு மாலை வண்டியைக் குளிப்பாட்டி, ஈரம் காயாமலே ஷெட்டில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டுப் போவார்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டுப் பிரிந்தால் அதிர்ஷ்டம். பிரியாவிட்டால் சக்கரம் சுற்றாமல் இழுபடும், அல்லது ஷூவின் லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் கிடக்கும். சமதரையில் நாள் கணக்கில் நிறுத்துகிறவர் முதல் கியரில் போட்டு, டயருக்கு ஒரு கட்டையோ கல்லோ முட்டுக்கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி விடுவது நல்லது. சரிவான முற்றம் என்றால் இந்த யோசனை வேண்டாம். பிரேக் ஆயிலையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் 155 வரை தாங்கினால் போதும் என்பது தர அளவு. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது அந்த வித்தியாசம்தான் பெடலுக்கும் தரைக்கும் நடுவே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றச் சொல்வது அதனால்தான். "ரெண்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கு" என்ற பதில் இங்கே செல்லாது.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயவில்லை, ரப்பர் மட்டும் கிழடாகிவிட்டது என்ற நிலையை இந்த வண்டிகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று அழுத்தியிருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. அதற்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் அந்த டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றக் கூடாது. கவனிக்க வேண்டிய வேடிக்கை என்னவென்றால், இந்த வண்டி வெளியே வரும் ஒரே நாளில்தான் அதில் முழுப் பாரமும் ஏறுகிறது. தாத்தா, பாட்டி, மகள், மருமகன், மடியில் இரண்டு பிள்ளைகள். ஏர் பார்த்து மாதக்கணக்கான டயர், ஆள் கொள்ளாத பாரம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அதையும் டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் மூன்று நாலு பவுண்டு கூட்டிக் காட்டும்.

எலியையும் இலையையும் விட்டுவிட முடியாது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில், மழைத்தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. மாமரத்தடியிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் வண்டியில் அந்தப் பள்ளம் முழுக்கச் சருகு அடைத்து மக்கிப்போய்க் கிடக்கும். தண்ணீர் வடிய வழியில்லாமல் புளோயர் வழியே உள்ளே இறங்கி, முன் சீட்டுக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். வயரிங் ஓடும் இடம் அது. கார் ஏசி போட்டால் நாற்றம் அடிக்கிறது என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு வைத்தியம், ஒரு பிடி சருகை அள்ளிப் போடுவதுதான். எலியோ, சலனமில்லாத இடத்தைத் தேடி வரும் பிராணி. ஆறு நாள் யாரும் பானெட் பக்கம் வராத வண்டி அதற்குச் சொந்த வீடு. அது கடித்த ஒரு சென்சார் வயருக்காக டேஷ்போர்டில் எரியும் விளக்கைத் தேடி அலையும் கூலி, அந்த வருடத்துப் பெட்ரோல் செலவைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

டீசல் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகை 600 டிகிரியை ஒட்டிச் சூடாக வேண்டும், அதாவது நல்ல ரோட்டில் நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். கோயில், சந்தை, வீடு என்று சுற்றும் வண்டியில் அது நடக்காது. விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது. வாரத்துக்கு 8 கிலோமீட்டர் ஓட்டப்போகிறவர் டீசல் வாங்குவது வீண். ஷோரூமில் இதை எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு.

இவ்வளவுக்கும் மேலாக இந்த மாவட்டத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மகன் துபாயிலோ தோஹாவிலோ இருப்பார், கார் அவர் வாங்கி நிறுத்திவிட்டுப் போனது. வீட்டில் இருப்பது வயதான பெற்றோர். ஞாயிறு காலை ஆக்டிங் டிரைவர் வந்து சாவியை வாங்கி, ஓட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு வாரம் வந்தவர் அடுத்த வாரம் வர மாட்டார். இந்த ஏற்பாட்டில் வண்டியின் காதாக இருக்க ஆளில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு, நேற்று இல்லாத ஒரு "கிரீச்" இன்று கேட்டால் பொறி தட்டும். கிளட்ச் மேலே ஏறிப் பிடிக்கிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒப்பிட யாரிடமும் பழைய கணக்கு இல்லாத வண்டி, முற்றிப்போன பிறகுதான் வாய் திறக்கும். நான் அந்த டிரைவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வேலை ஓட்டுவதோடு முடிகிறது. கேட்க வேண்டியது வீட்டுக்காரர்: "வண்டில ஏதும் வித்தியாசம் தெரிஞ்சுதா தம்பி?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத டிரைவர் கிடையாது.

இனி, எதிர்க் கட்சியின் பலமான வாதங்களுக்கு வருகிறேன். தினமும் காலையில் ஷெட்டிலேயே அஞ்சு நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறோமே, போதாதா? போதாது, சில சமயம் கெடுதலும்கூட. அந்த அஞ்சு நிமிடத்தில் செல்ஃப் எடுத்த கரண்ட் திரும்பிவிடும், அதற்கு மேல் ஏதோ கொஞ்சம் ஏறும். ஆனால் ஆயில் சூடேறாது. தண்ணீரையும் பெட்ரோலையும் ஆயில் சட்டியில் இறக்கிவிட்டு, விரட்டும் நேரம் வருவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள், அதுவும் வாரத்துக்கு ஏழு முறை. சக்கரம் அசையாததால் பிரேக்குக்கும் டயருக்கும் ஒரு பயனும் இல்லை. மூடிய ஷெட்டில் புகை தங்குவது உயிருக்கே ஆபத்து. ஏழு நாள் அஞ்சஞ்சு நிமிடத்தைவிட ஒரு நாள் சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் மேல்.

மெக்கானிக் தன் பிழைப்புக்காக வருடா வருடம் ஆயில் மாற்றச் சொல்கிறான் என்பது இன்னொரு வாதம். சந்தேகப்படுவதில் தப்பில்லை, எங்கள் தொழிலில் அதற்கு இடம் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் கணக்கை எங்கள் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதில் எங்களுக்குக் கிடைப்பது சொற்பக் கூலி. ஒட்டிப்போன பிரேக், செத்த பேட்டரி, எலி கடித்த வயரிங், அடைத்த வடிகட்டி, இவற்றில்தான் ஒர்க்ஷாப்புக்கு வருமானம். காலண்டர்படி நடக்கும் வண்டி எங்களுக்கு நல்ல வாடிக்கை, பெரிய வரும்படி இல்லை. எல்லாவற்றையும் வருடா வருடம் மாற்றச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கும் கிளட்ச் பிளேட்டும் ஓட்டத்தால் தேய்பவை. அவற்றுக்குக் கிலோமீட்டர்தான் கணக்கு.

மூன்றாவது வாதம்தான் கனமானது. 8 கிலோமீட்டருக்கு எதற்குக் கார், விற்றுவிட்டு ஆட்டோவில் போகலாமே? இன்சூரன்ஸ், பேட்டரி, டயர், ஆக்டிங் டிரைவர் சம்பளம் எல்லாம் கூட்டினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தின் விலை ஆட்டோ வாடகையைப் பல மடங்கு தாண்டும். காசுக் கணக்கில் இதற்கு எதிர்வாதம் கிடையாது, விற்கத் தயாராக இருப்பவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கார் கோயிலுக்காக நிற்கவில்லை. நள்ளிரவில் பெரியவருக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒன்று இருக்கட்டும் என்பதற்காக நிற்கிறது. கோயிலும் சந்தையும் அதற்கு இடையில் கிடைத்த உபயோகம். காரணம் அதுவென்றால், செல்ஃப் அடித்ததும் பிடிக்க வேண்டும் என்பது அந்த வண்டியிடம் கேட்கும் ஒரே வேலை. அந்த ஒரு வேலையைத்தான் பராமரிப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை வண்டி செய்யாது.

சரி, இதையெல்லாம் எப்போது செய்வது, இருப்பதே ஒரு ஞாயிறுதானே, அதிலும் வேலையா என்று பக்தியுள்ளவர்கள் கேட்பார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 321இல் போட்ட ஞாயிறு ஓய்வுக் கட்டளையில், உழவர்களுக்கு விலக்கு உண்டு, பட்டறைகளை மூடியே ஆக வேண்டும். பட்டறைக்காரன் என்ற வகையில் எனக்கு அதில் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துப் போடுவதை நான் வாடிக்கையாளருக்கும் ஆதரிப்பதில்லை, ஒர்க்ஷாப் பையன்களுக்கும் ஆதரிப்பதில்லை. 1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே போராடி வாங்கிய ஞாயிறு அது, கிரீஸ் பூசிய கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. காரியரீதியாகவும் அது சரிவராது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், லேத் பட்டறை இருக்காது. கழற்றும்போது முறிந்த ஒரு போல்ட்டுக்காக வண்டி திங்கட்கிழமை மதியம் வரை ஜாக்கியில் தொங்கும். வீட்டு ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் தலை நுழைப்பது தற்கொலைக்குச் சமம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாம் என்பது லூக்கா சுவிசேஷம் தரும் சலுகை. வழியில் பஞ்சரான டயர் அந்தக் கணக்கில் வரும், டைமிங் பெல்ட் வராது.

பார்ப்பதும் ஓட்டுவதும் வேறு, அதற்கு ஞாயிறைவிட நல்ல நாள் இல்லை. கோயிலுக்குக் கிளம்புமுன் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்தால் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சூடான பிறகு ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. சருகை அள்ளிப் போட ஒரு கை போதும். வேலைகளின் வரிசையையும் கொஞ்சம் மாற்றலாம். சாமான்களை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகு, அணைக்காமல் நேரே கன்னியாகுமரி ரோட்டில் விட்டு, 20 கிலோமீட்டர் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பேட்டரிக்கும் ஆயிலுக்கும் பிரேக்குக்கும் வேண்டியது கிடைத்துவிடும். மழைக்காலமானாலும் அந்த ஓட்டத்தில் பத்து நிமிடம் ஏசியைப் போடுங்கள், கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும். வாரா வாரம் முடியாதவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது செய்யலாம். மாதக்கணக்கில் யாரும் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடுங்கள், கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோவதைத் தவிர வேறு நஷ்டமில்லை.

சர்வீஸ் முடிந்ததும் ஒர்க்ஷாப்பில் கண்ணாடி ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அடுத்த ஆயில் இத்தனை கிலோமீட்டரில் என்று. அடுத்த முறை போகும்போது, அதற்குப் பக்கத்தில் தேதியும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பேட்டரி மாற்றிய மாதத்தையும் பிரேக் ஆயில் மாற்றிய மாதத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் ஒரு துண்டுத் தாளில் நீங்களே எழுதி, ஆக்டிங் டிரைவர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒட்டிவிடுங்கள்.